கொஞ்சம் விசாரிச்சுக்கோங்க

அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? உடனே போனை எடுத்துத் தேடுவீர்கள். அதே பெயரில் காரிமங்கலத்தில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களில் ஒருத்தி தலையை உருட்டுவீர்கள். வேண்டாம் சாமி. என் அப்பாவின் தங்கை, எனக்கு அத்தை. ஜாக்கெட் தைப்பாள். இவ்வளவு போதும்.

சிலருக்குக் கோபம் குணம், சிலருக்குச் சோம்பேறித்தனம் குணம். அத்தைக்குச் சந்தேகம். பால்காரர் ஊற்றிய பாலை ஒரு சொட்டு நகத்தில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பாள். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைக்காரி "அதுக்கும் மாப்ள பாக்கறீங்களாக்கா?" என்று கேட்கிற வரைக்கும் விட மாட்டாள். கண்டக்டர் "தருமபுரி, தருமபுரி" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் போர்டைப் படிப்பாள், பிறகு டிரைவரிடமும் ஒரு வார்த்தை கேட்பாள். "கிருஷ்ணகிரியில எறக்கி வுட்டுட்டா நீ வந்து கூட்டியாருவியா?" என்பாள் என்னிடம். கோயிலில் கொடுக்கும் திருநீற்றைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் இட்டுக்கொள்வாள். "சாமி பேரச் சொல்லி சாக்பீஸ் தூளக் குடுக்கறானுங்க கண்ணு."

இந்தச் சந்தேகம் பிறவியில் வந்ததில்லை. கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த லாரி இருக்கிறது என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அந்த லாரி வாசலில் வந்து நின்றதாம், பூ மாலையெல்லாம் போட்டு. கல்யாணம் முடிந்த மறுவாரம் லாரியின் நிஜமான சொந்தக்காரர் வந்து லாரியையும் டிரைவரையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். டிரைவர்தான் என் மாமா. "லாரி சொந்தம்னாங்க. ஸ்டீரிங்கப் புடிக்கற கை மட்டுந்தான் சொந்தம்" என்று மாமா இருக்கும்போதே சொல்வாள். அவரும் தொப்பூர்க் கணவாயை இறங்கி ஏறிக் களைத்து வந்த உடம்போடு படுத்துக்கொண்டு சிரிப்பார். நல்ல மனுசன். ஆனால் எங்கள் அப்பா உட்பட யாருமே ஒரு நடை போய் விசாரிக்கவில்லை என்பது அத்தைக்கு நெஞ்சில் முள்ளாகவே நின்றுவிட்டது.

அதனால் ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அவள் விசாரிக்கப் போக ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். ஜாதகம் பொருந்திவிட்டால், வாக்குக் கொடுப்பதற்கு முன்னால், அந்த ஊரில் முகம் தெரியாத ஒருவரை அனுப்பி ரகசியமாகக் கேட்டு வரச் சொல்வார்கள். அத்தை போனாள் என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்கள். அவள் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். "இந்தப் பக்கம் கறவ மாடு விக்கறதுக்கு இருக்குதுங்களா?" என்றுதான் போய் நிற்பாள். மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாட்டுக்காரனைப் பற்றியும் அவன் பங்காளியைப் பற்றியும் பேச்சு தானாக வரும். யார் குடிக்கிறான், யார் வீட்டில் மருமகள் சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், எல்லாம் வந்துவிடும். "பங்காளி சொன்னா பாதியத் தள்ளணும், சம்மந்தி சொன்னா முக்காலத் தள்ளணும்" என்பது அவள் கணக்கு.

ஒருமுறை பென்னாகரம் பக்கம் ஒரு ஊருக்குப் போனாள். அங்கே ஒரு பெரியவர் இவள் பேச்சை மெய்யென்றே நம்பி, வீடு வீடாகக் கூட்டிப் போய் மாடு காட்டி, மோர் கொடுத்து, சோறு போட்டு உபசரித்தார். அவர் மனசை முறிக்க அத்தைக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் குட்டியானை வண்டியில் ஒரு மாட்டோடும் கன்றோடும் வந்து இறங்கினாள். மாப்பிள்ளை எப்படி என்று கேட்கக் காத்திருந்த என் பெரியப்பாவிடம், "பையன் தங்கமுங்க. மாடுதான் கொஞ்சம் ஒதைக்குது" என்றாள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் விசாரித்த விதத்தைவிட, விசாரித்ததைச் சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கும். போனில் சொல்ல மாட்டாள். பெண்ணின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்வாள். இடம் சரியில்லை என்றால், என்ன சரியில்லை என்று அவரிடம்கூட உடைக்க மாட்டாள். "வேண்டாங்க, தூரம் ஜாஸ்தி" என்பாள். அவருக்குப் புரிந்துவிடும். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் பெண் கிடைக்கட்டும், நம் வாயால் அது கெட வேண்டாம் என்று நினைப்பாள். பக்கத்துத் தெருப் பையனைக்கூட ஒருமுறை தூரம் ஜாஸ்தி என்றிருக்கிறாள்.

இப்படிப்பட்டவள் கையில்தான் டச் போன் வந்தது.

ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் அவள் மகன் வாங்கிக் கொடுத்தான். முதல் வேலையாக முன்பக்கக் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினாள். "எவன் எங்கிருந்து பாக்கறான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். ஒரு மாதம் அதைத் தொடவே பயந்தாள். பிறகு யாரோ அவளைக் கல்யாணத் தகவல் குரூப் ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். என்னையும் அவள் அதில் சேர்த்தாள், என் தம்பிக்கு முப்பது தாண்டியும் பெண் அமையவில்லை என்பதற்காக.

அந்தக் குரூப்பை நடத்தியவர் தருமபுரியில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்காரர். கல்யாணம் கூடினால் பேனரும் கூடும் அல்லவா, அவர் கெட்டிக்காரர். காலையில் ரோஜாப் பூவோடு காலை வணக்கம் வரும். அப்புறம் வரிசையாக ஜாதகக் கட்டங்கள், கார்மேல் சாய்ந்து நிற்கும் பையன்கள், ஸ்டூடியோவில் செயற்கை அருவிக்கு முன்னால் நிற்கும் பெண்கள். காடு கரை வைத்திருக்கிற வீட்டுப் பையன்களுக்குப் பெண் கொடுக்க ஆளில்லாத காலம். அந்த அம்மாக்கள் வாய்ஸ் மெசேஜில் கெஞ்சுவார்கள்.

அத்தைக்கு அது பெரிய சந்தையாகத் தெரிந்தது. சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிய விரல் இங்கே படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தது. "காரு மேல சாஞ்சிருக்கான் பாரு, நம்பர் பிளேட்ட காலால மறைக்கறான். வாடக வண்டி." "மோதர வெரல்ல வெள்ளத் தடம் தெரியுது. எங்கியோ நிச்சயம் ஆகி முறிஞ்சிருக்குது." "சொந்த வூட்டு வாசல்ல எவனாச்சும் இப்பிடி வெறச்சிட்டு நிப்பானா? இது வேற யாரோ வூடு." பாதி நேரம் அவள் சொன்னது சரியாகவும் இருந்தது, அதுதான் வினை. ஒருவன் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் என்பதை அவனுடைய சிநேகிதனின் பேஸ்புக் பக்கத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டு நிரூபித்தாள். குரூப்பே கைதட்டியது. "அக்கா நீங்க வேற லெவல்" என்று ஒருவர். "எங்க குரூப்புக்கு சிபிஐ அக்கா" என்று ஒருவர். பிளக்ஸ்காரர் அவளையும் அட்மின் ஆக்கினார்.

திருநீற்றை நம்பாதவள் அந்தக் கைதட்டல் பொம்மைகளை நம்பினாள். எனக்கு அப்போதே உறுத்தியது. தைக்க வந்த துணியெல்லாம் மூட்டையாகக் கிடந்தது. நான் போனால் தலையை நிமிர்த்தாமல், "இரு கண்ணு, ஒருத்தர் ஒரு பொண்ணு பத்திக் கேட்டிருக்காங்க, பாத்துச் சொல்லிட்டு வரேன்" என்பாள்.

"போய்ப் பாக்கலியாத்தே?"

"எதுக்கு? காலு வலிக்குது. எல்லாந்தான் இதுல தெரியுதே."

அத்தை வாயிலிருந்து இந்தப் பேச்சு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒருநாள் ஒரு பெண்ணின் படம் வந்தது. மொரப்பூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். நர்சிங் படித்துவிட்டு சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறாள். அரூர் பக்கத்தில் ஒரு இடம் அமைந்து, பூ வைத்து, தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், "இந்தப் பொண்ணப் பத்தி தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க" என்று போட்டிருந்தார். உடனே நாலு பேர் அத்தையைக் கூப்பிட்டார்கள். அக்கா பாருங்க, அக்கா சொல்லுங்க.

அத்தை தேடினாள். யாரோ ஒருவனுடைய பேஸ்புக் பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள். பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை, மாலை. பக்கத்தில் ஒரு இளைஞன், அவன் கழுத்திலும் மாலை. படத்துக்குமேல் ஒரு சிவப்பு இதயம். போன மாதம்தான் போட்டிருந்தான். அத்தைக்கு வேறு என்ன வேண்டும்? படத்தை எடுத்துப் போட்டு, கூடவே ஒரு வாய்ஸ் அனுப்பினாள். அந்த வாய்ஸை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ தெரியாது, இன்னும் காதில் இருக்கிறது. "வணக்கமுங்க. இந்தப் பொண்ணு விசயத்துல கொஞ்சம் விசாரிச்சுக்கோங்க. ஏற்கனவே மால மாத்துன மாதிரி ஒரு படம் இருக்குது. அதுக்கு மேல நான் சொல்றதுக்கில்ல."

மேலே சொல்ல அவள் எதற்கு? சொல்லத்தான் ஆட்கள் இருந்தார்களே. மத்தியானத்துக்குள் அந்தப் பெண் ஓடிப்போய்த் திரும்பியவள் ஆனாள். சாயங்காலத்துக்குள் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனவள் ஆனாள். ஒருவர் கோயம்புத்தூரில் பிடித்துக் கூட்டி வந்ததாக எழுதினார், இன்னொருவர் பெங்களூரில் என்றார். அத்தையின் வாய்ஸுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு ஆட்கள் பேச்சைச் சேர்த்து வேறு குரூப்புகளுக்கு அனுப்பினார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னிடமே வந்து, "மொரப்பூர்ல ஒரு பொண்ணு பாத்தீங்களா, எப்பிடியெல்லாம் பண்ணுதுங்க" என்று அதைப் போட்டுக் காட்டினாள். குரல் என் அத்தையுடையது.

அத்தைக்கு முதலில் பெருமைதான். அப்புறம்தான் பழைய புத்தி விழித்தது. "ஏன் கண்ணு, ஒருத்தி எப்பிடி ரெண்டு ஊருக்கு ஓடிப்போவா?" என்று கேட்டாள். எழுதியவர்கள் யார் என்று பார்க்க ஆரம்பித்தாள். ஒருவருக்கு முகத்துக்குப் பதில் ரோஜாப் பூ. ஒருவருக்குக் குழந்தைப் படம். ஒருவருக்குச் சாமி. பலருக்கு வெறும் நம்பர்தான். மொரப்பூர், அரூர், பாலக்கோடு என்று எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் யார் வீடு எது என்று சொல்லக்கூடியவளுக்கு இவர்களில் ஒருத்தரையும் அடையாளம் தெரியவில்லை. "நீங்க எந்த ஊருங்க?" என்று ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகக் கேட்டு அனுப்பினாள். யாரும் பதில் போடவில்லை. பிளக்ஸ்காரரே நாலு நம்பரில் வந்து எழுதுகிறாரோ, குரூப் சூடாக இருக்க வேண்டுமென்று அவரே கிளப்பிவிடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அத்தைக்கும் இருந்தது. அதை இன்றைக்கு வரைக்கும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒருவன் வந்து வாசலில் நின்றான். பால் வண்டி ஓட்டுகிறவன், வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு வந்திருந்தான். நான் அப்போது அத்தை வீட்டில்தான் இருந்தேன். அவனைப் பார்த்ததுமே அத்தை மிஷினை விட்டு எழுந்துவிட்டாள். படத்தில் மாலையோடு நின்றவன்.

"ஜாக்கெட் தெக்கற அக்கா நீங்கதானுங்களா?" என்றான். "நான் அந்தப் புள்ளைக்குத் தாய்மாமனுங்க."

அவனே சொன்னான். அது அவளுக்கு மஞ்சள் நீராட்டுச் சீர் செய்த அன்றைக்கு எடுத்த படம். பதினாறு வயதில்தான் வயசுக்கு வந்தாள், ஆளும் உயரம், பார்லர்காரி வந்து மேக்கப் போட்டுக் கல்யாணப் பெண் மாதிரி ஆக்கிவிட்டாள். சீருக்குத் தாய்மாமன் மாலை போடுவதும், அவனுக்கு அங்கே மாலை மரியாதை செய்வதும் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளது. எங்கள் வீட்டு ஆல்பத்திலேயே எனக்கும் என் தாய்மாமனுக்கும் அப்படி ஒரு படம் இருக்கிறது. அக்கா மகளுக்கு இடம் கூடியிருக்கிற சந்தோஷத்தில் இவன் பழைய படத்தை எடுத்து இதயம் வைத்துப் போட்டிருக்கிறான், பாவி. அத்தை வேறு சீமையிலிருந்து வந்தவளாக இருந்தால் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். நூறு சீர் வீட்டில் சாப்பிட்டவள் அவள்.

"இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்ச புள்ளைங்க அது. எங்கக்கா காட்டு வேலைக்குப் போனா நாந்தான் பால் புகட்டுவேன். நான் அப்ப ஏழாவதோ எட்டாவதோ படிச்சிட்டிருந்தேன்" என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "மாப்ள வூட்டுல தாம்பூலத்தோட நிறுத்திக்கலாம்னுட்டாங்க. எனக்குப் பாத்து வச்சிருந்த எடமும் நின்னுபோச்சுங்க. நீங்க சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்கன்னு சொல்றாங்க."

அத்தை அங்கேயே, அவன் முன்னாலேயே போனை எடுத்தாள். "அது நான் பாத்து ஏமாந்துட்டேங்க, அவரு தாய்மாமனுங்க, அது சீர்ப் படமுங்க, அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்று வாய்ஸ் போட்டாள். பாதியில் அழுதுவிட்டதால் இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

கைதட்டின அத்தனை பேரில் ஒருத்தர்கூட அதற்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரோஜாப் பூ எழுதியது: "பொண்ணு வூட்டுல என்ன குடுத்தாங்க அக்கா?" அதற்குச் சிரிக்கும் பொம்மைகள். "நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு. யாரோ மெரட்டியிருக்காங்க போல." "அக்கா அழுவற மாதிரி இருக்குது, பக்கத்துல ஆளு இருக்குது." அந்த ஒன்று மட்டும் நிஜம். எதையும் நம்பாதே என்று அவர்களுக்கு இத்தனை நாளாகப் படித்துப் படித்துச் சொன்னவள் இவள்தான். இப்போது இவளை நம்பவில்லை. யாரைக் குறை சொல்வது? பிளக்ஸ்காரர், "குரூப்ல கொழப்பம் பண்ணாதீங்க அக்கா, தனியா பேசிக்கலாம்" என்று எழுதிவிட்டு அவளை அட்மின் பதவியிலிருந்து எடுத்தார். இவள் போட்ட திருத்தத்தை எந்தக் குரூப்புக்கும் யாரும் அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் நானே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். "நெருப்பில்லாம பொகையுமா?" என்றாள்.

அன்றைக்கே அத்தை குரூப்பை விட்டு வெளியேறினாள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். போர்டையும் பார்க்கவில்லை, டிரைவரிடமும் கேட்கவில்லை. தருமபுரியில் மாறி, அரூர் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம்.

மாப்பிள்ளையின் அம்மா நல்லவிதமாகத்தான் உட்கார வைத்தாள். காபி கொடுத்தாள். அத்தை சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அந்த வாய்ஸ் என்னுதுங்க. நான் அந்தப் புள்ளைய நேர்ல பாத்ததில்ல, இதுக்காக அந்த ஊர்ப் பக்கம் போனதுமில்ல. ஒரு படத்தப் பாத்துட்டு ஒளறிட்டேன். உங்க காலத் தொட்டுக் கேக்கறேன், அந்தக் கல்யாணத்த நிறுத்தாதீங்க."

அந்தம்மா அத்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க அவங்களுக்குச் சொந்தமுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் உங்களுக்கு என்னாத்துக்குங்க இவ்வளவு அக்கற? பஸ்ஸேறி வந்திருக்கறீங்க?"

"செஞ்சது நானுங்களே."

"அன்னைக்குச் சொன்னது பொய்யின்றீங்க. செரி. இன்னைக்குச் சொல்றது மெய்யின்னு நான் எத வச்சு நம்பறது?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "என்ற தம்பி பொஞ்சாதி, அவங்க அண்ணன், எல்லாரு போனுக்கும் வந்துடுச்சுங்க அது. நாளைக்கு அந்தப் புள்ள இந்த வாசப்படி ஏறுனா, ஒவ்வொருத்தரா அவள ஏற எறங்கப் பாப்பாங்க. நான் எத்தன பேரு வாய மூடறது? வேண்டாங்க. எங்களுக்கும் அது தூரந்தான்."

பையன் கொட்டகையோரம் நின்றுகொண்டிருந்தான். பேச்சு முழுக்க அவன் காதில் விழுந்தது. போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. எனக்கு அவன் கையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

திரும்பும்போது அத்தை மொரப்பூரில் இறங்கினாள். சேலத்திலிருந்து வரும் ரயிலுக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்தோம். "வேண்டாத்தே, புண்ணக் கிளற வேண்டாம்" என்றேன். "முகத்தயாச்சும் ஒருக்கா பாத்துக்கறேன் கண்ணு" என்றாள். ரயில் வந்தது. கூட்டத்தோடு அந்தப் பெண்ணும் இறங்கினாள், தோளில் ஒரு பை, கையில் டிபன் பை. படத்தில் இருந்த நகையும் இல்லை, மேக்கப்பும் இல்லை. வேலை பார்த்துக் களைத்த முகம். அத்தை எழுந்துபோய் முன்னால் நின்றாள்.

"நாந்தான் கண்ணு அது" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குக் குரலே போதுமாக இருந்தது. அவளும் அதை எத்தனை தடவை கேட்டாளோ. திட்டுவாள், நாலு பேர் பார்க்கக் கத்துவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் விசாரிச்சுக்கோங்கன்னீங்க. நீங்க ஒருக்கா எங்க தெருவுக்கு வந்து விசாரிச்சிருக்கலாமேங்க" என்றாள். "மண்ணுல வெளையாடற கொழந்தையக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருக்குமே, அது எங்க மாமான்னு."

அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். அத்தை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

டச் போனை மகனிடமே திருப்பிக் கொடுத்தாள். பட்டன் போன் ஒன்று வைத்துக்கொண்டாள், அதுவும் பாதி நாள் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். விசாரிக்கப் போவதையும் விட்டாள். யார் வந்து கேட்டாலும், "என்னைய நம்பாதீங்க, நீங்களே போய்ப் பாத்துக்கோங்க" என்றாள். குரூப்பை விட்டுப் போனதற்கும் ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள். ஏதோ மாட்டிக்கொண்டாள், அதனால்தான் ஓடிவிட்டாள் என்று. இருந்தாலும் பேச்சு, போனாலும் பேச்சு.

நானும் ஒவ்வொன்றாக விட்டேன். கல்யாணக் குரூப், தெருக் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப். எதில் வணக்கம் என்று பூ வந்தாலும் அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்து நெஞ்சைக் கரித்தது. என் மகனுடைய ஸ்கூல் குரூப்பில் மட்டும் இருக்கிறேன், அதுவும் வாயே திறப்பதில்லை. தம்பிக்கு இன்னும் பெண் அமையவில்லை. அமைகிறபோது அமையட்டும்.

ஆடி கழிந்து ஆவணி பிறந்த பிறகு ஒருநாள், அத்தை வீட்டு வாசலில் பைக் வந்து நின்றது. பிளக்ஸ்காரர். பின்னால் பேனர் சுருள் கட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. அத்தை தையல் மிஷினை நிறுத்தினாள். நான் பட்டன் காஜா எடுக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்திருந்தேன்.

"அக்கா, சேதி தெரியுமா? அந்த மொரப்பூர்ப் பொண்ணுக்கு நேத்து கல்யாணம். மாப்ள யாருன்னு நெனைக்கறீங்க? அந்தப் படத்துல இருந்தாருல்ல, அவரேதான்! பேனரே நாந்தான் அடிச்சுக் குடுத்தேன். குரூப்பு பூராவும் உங்க பேச்சுத்தான். அக்கா அப்பவே சொன்னாங்க, நாமதான் நம்பலன்னு எழுதறாங்க. மறுபடியும் சேத்துவுட்டுடட்டுங்களா?"

அத்தை கையிலிருந்த துணியை மடியில் வைத்தாள். "அந்தப் புள்ள ஒத்துக்கிச்சா?" என்று கேட்டாள்.

"ஒத்துக்காம? இந்தப் பேச்சுக்கப்பறம் வேற யாருங்கக்கா வருவாங்க?"

"தூக்கி வளத்தவன்யா அவன்."

"அதனால என்னங்கக்கா? மொறதானுங்களே?" என்றார் அவர்.

முறைதான். எங்கள் பக்கத்தில் யாரிடம் போய் எப்படி விசாரித்தாலும் முறை என்றுதான் சொல்வார்கள்.